அண்ணன் நடக்காமல் போன மாதங்கள்

என் அண்ணன் ஒரு நாள் காலையில் உட்கார்ந்துவிட்டான். எங்களுக்குத் தெரிந்த முதல் அறிகுறி அதுதான். வேறு எந்த வீட்டிலும் இதை அறிகுறி என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவன் பெயர் பிரபு. அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பத்தொன்பது. நேரில் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவனைப் பற்றிப் பிறரிடம் சொல்லும்போது மட்டும் எப்படியோ அவன் என்று வந்துவிடுகிறது. அவனுக்கு ஆட்டிசம் (மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே இருக்கும் வேறுபாடு, பேசுவது, பழகுவது, ஓசையையும் ருசியையும் உணர்வது எல்லாம் மற்றவர்களைப் போல இருக்காது). பேச்சு என்று பார்த்தால் சில சொற்கள்தான். தண்ணி, வேணாம், போலாம். இவற்றில் போலாம் என்பதைத்தான் அதிகம் சொல்வான். பசித்தாலும் போலாம், தூக்கம் வந்தாலும் போலாம்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் அவன் நடப்பான். கூடத்து ஜன்னலிலிருந்து சமையலறை வரை போவான், திரும்புவான், மறுபடி போவான். சாப்பாட்டுக்குக்கூட முழுதாக உட்கார மாட்டான். ஒரு வாய் வாங்கிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு அடுத்த வாய்க்கு வருவான். அந்தக் காலடிச் சத்தம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் பிறந்ததே அந்தச் சத்தத்துக்குள்தான்.

அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். நாங்கள் வளர்ந்தது குவார்ட்டர்ஸில். அகலமான தெருக்கள், வரிசையாக மரங்கள், எந்த வீட்டைக் கடந்தாலும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர் இருப்பார். சாயங்காலமானால் அவனை நடக்கக் கூட்டிப் போவது என் வேலை. அவன் முன்னால், நான் பின்னால். திருக்குறளும் வாய்ப்பாடும் அப்படி நடந்தபடியே மனப்பாடம் செய்தேன். இன்றைக்கும் எதையாவது மனதில் பதிய வைக்க வேண்டுமென்றால் நான் எழுந்து நடக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் எங்கள் வீட்டிலிருந்து யாரும் வர மாட்டார்கள். அப்பாவுக்கு ஷிப்ட் இருக்கும். அம்மாவால் அவனை விட்டுவிட்டு வர முடியாது. இதில் எனக்குக் கோபம் இருந்ததா என்று கல்லூரித் தோழி ஒருத்தி கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். கோபப்பட நேரம் இருந்ததாக நினைவில்லை. எப்போதும் ஒரு காது வாசல் தாழ்ப்பாள் மீதே இருக்கும். கழிப்பறைக்குப் போனாலும் அந்தக் காது வெளியில்தான் இருக்கும்.

அவன் உடம்பைப் படிப்பதும் என் வேலையாகிப்போனது. காதைத் தேய்த்தால் பசி. முனகல் மேலேறிக்கொண்டே போனால் ஏதோ ஒரு சத்தம் அவனைக் குத்துகிறது. மணிக்கட்டைக் கடித்தால் எல்லோரும் விலகி நிற்க வேண்டும். உறவினர்கள் வந்தால் அம்மா சொல்வாள், "நித்யாவைக் கேளுங்க, அவளுக்குத்தான் தெரியும்." எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, பாரமாகவும் இருந்தது.

அப்பா ஓய்வு பெற்றதும் அயனம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். அண்ணனுக்கு வீடு மாறுவது சாதாரண விஷயமில்லை. கொஞ்ச காலம் கத்தினான். அப்புறம் ஏரிக்கரையைப் பார்த்தான். அவ்வளவு நீளமாக, வண்டிகள் குறைவாக ஒரு நடைபாதை அவனுக்கு அதுவரை கிடைத்ததில்லை. மெல்லப் பழகிக்கொண்டான் என்று நினைத்தோம்.

வந்து ஒன்றரை வருடம் போலிருக்கும். அந்தக் காலையில் கூடத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து, கால்களை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் கல்லூரிக்குக் கிளம்பும்போதும் அப்படியே. திரும்பி வந்தபோதும் அப்படியே.

பக்கத்து வீட்டுக் கலா அக்கா வந்து பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். அவருக்கு அம்மாமேல் உண்மையான அக்கறை உண்டு. "சாமி புண்ணியத்துல புள்ள அடங்கிட்டான்மா. இன்னா அமைதியா ஒக்காந்துகினு கீறான் பாரு. நீ கொஞ்சம் படுத்துத் தூங்கு" என்றார். அம்மா அன்று மத்தியானம் தூங்கினாள். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு பகல் தூக்கம். என்னால்தான் உட்கார முடியவில்லை. வீட்டில் ஏதோ நின்றுபோனது போல இருந்தது. ஜன்னலுக்கும் சமையலறைக்கும் நான் நடந்துகொண்டிருந்தேன்.

அவனுக்கு வழக்கமாக மாத்திரை எழுதித் தரும் மனநல மருத்துவரிடம் போனோம். நடப்பது குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், வயது ஏற ஏற இப்படி அடங்குவார்கள் என்றார். எங்களுக்கும் அதை நம்பத்தான் ஆசை.

அடுத்த வாரம் அவனை எழுப்பி நிற்க வைக்க அப்பா கையைப் பிடித்தார். வலது காலை ஊன்றவில்லை. ஊன்ற வைத்தபோது கத்தினான். அது கோபத்தில் கத்துவது இல்லை. அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முறிவு ஒன்றும் இல்லை, சுளுக்காக இருக்கும் என்றார். எங்கே வலிக்கிறது என்று அவனிடம் கேட்டார். "வேணாம்" என்றான். அந்த நாட்களில் போலாம் என்ற சொல்லே அவனிடமிருந்து போய்விட்டது. எதற்கும் வேணாம்.

பல் தேய்த்துவிடும்போது பிரஷ்ஷில் ரத்தம் வந்தது. அழுத்தித் தேய்த்துவிட்டேன் போல என்று அம்மா நினைத்தாள். பிறகு தொடையின் பின்புறம் நீலமும் மஞ்சளுமாக ஒரு பெரிய கன்றல். முழங்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. எங்கும் விழவில்லை, யாரும் இடிக்கவில்லை. கலா அக்காவின் கணவர் தன் ஆட்டோவை எடுத்தார். பின்சீட்டில் அவனை நீளவாட்டில் கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டு பூந்தமல்லி சாலையில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம், அப்பாவும் அம்மாவும் வண்டியில் பின்னாலேயே வந்தார்கள். வேகத்தடை வரும்போதெல்லாம் அவன் என் முழங்கையைப் பிடித்தான். அவனாக யாரையும் தொடுகிறவன் அல்ல.

அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் கன்றலைப் பார்த்தார். எங்கள் மூவரையும் பார்த்தார். என்னை மட்டும் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்தி, "வீட்ல யாராவது அவரை அடிப்பாங்களா? பயப்படாம சொல்லுங்க" என்றார்.

இல்லை என்றேன். அவர் கேட்டது தப்பில்லை. பேச முடியாத ஒருவன் உடம்பில் இப்படித் தடம் இருந்தால் யாராவது கேட்கத்தான் வேண்டும். இப்போது அது புரிகிறது.

திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அப்பாவுக்கு அது கேட்டுவிட்டது. உள்ளே வந்தார். சட்டைக் கையை மேலே சுருட்டி முழங்கையை நீட்டினார். பழைய பல் தடங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. "அவனைக் கை நீட்டி அடிச்சதில்ல டாக்டர். வாங்கினது நாங்கதான். அதையும் நான் யார்கிட்டயும் காட்டினதில்ல" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. பிறகு சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அவர் விரல்களுக்கு அந்தப் பொத்தான் உடனே வசப்படவில்லை.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் (ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருள்) மிகவும் குறைந்திருந்தது. நகரத்துக்குள் இருக்கும் பெரிய அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே மயக்கம் கொடுத்து எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடலின் உள்பகுதியைப் படமெடுக்கும் முறை) எடுத்தார்கள். அவன் அசையாமல் படுத்திருக்க வேறு வழியில்லை. படத்தில் இரண்டு கால் எலும்புகளுக்குள்ளும் மாற்றம் தெரிந்தது.

வார்டின் தலைமை மருத்துவர் எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். ஈறில் ரத்தம், கன்றல், எலும்பு வலி, ரத்தசோகை எல்லாம் சேர்ந்து வரும்போது ரத்தப் புற்றுநோயா என்று பார்த்தாக வேண்டும். எலும்பு மஜ்ஜையை (எலும்புக்குள் ரத்தம் உற்பத்தியாகும் மென்மையான பகுதி) ஊசி போட்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். மறுபடி மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும்.

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்படியிருந்தா, வலிக்குதுன்னு அவனுக்குச் சொல்லத் தெரியாதே டாக்டர், எப்படிப் பாத்துப்பீங்க?" மருத்துவர், பார்த்துக்கொள்வோம் என்று மட்டும் சொன்னார்.

அந்த நாட்களில் அவன் கட்டிலில் கிடந்தான், நாங்கள் நடந்தோம். அப்பா மருந்துக் கடைக்கும் ரத்த வங்கிக்கும் நடந்தார். அம்மா வார்டு வாசலுக்கும் கட்டிலுக்கும். நான் தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. வெளிநோயாளிகள் வரிசையில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. அவன் ஏன் அப்படி நடந்துகொண்டே இருந்தான் என்பது அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது. நின்றால் உள்ளே ஏதோ ஏறி வந்துவிடும் போலிருக்கும்.

மஜ்ஜைப் பரிசோதனைக்கு முந்தின நாள் காலில் இருந்த சிவப்புப் புள்ளிகளைப் பார்க்கத் தோல் மருத்துவர் ஒருவரை அனுப்பியிருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. வந்ததும் அவனைத் தொடவில்லை. "பிரபு, நான் உன் காலைப் பாக்கப் போறேன், பிடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குனிந்தார். கையில் சின்ன விளக்கு வைத்த லென்ஸ். நெடுநேரம் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார்.

கணுக்காலுக்கு மேலே ஒவ்வொரு முடியின் அடியிலும் ஒரு துளி ரத்தம் உறைந்திருந்தது. முடிகள் நேராக இல்லை. திருகாணி மாதிரிச் சுருண்டு கிடந்தன.

நிமிர்ந்து, "இவர் என்ன சாப்பிடுவார்?" என்று கேட்டார்.

இத்தனை நாளில் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நல்லா சாப்பிடுவான் என்றுதான் சொல்லியிருப்போம். வயிறு நிறையத்தான் சாப்பிட்டான். அம்மா சொல்லத் தொடங்கினாள். இட்லி, தொட்டுக்க ஒன்றும் வேண்டாம். தயிர் சாதம், தாளிக்காமல். பால். ஒரு வகை பிஸ்கட். அதோடு அம்மா நின்றுவிட்டாள்.

"முன்னாடியும் இவ்வளவுதானா?"

முன்னால் ரசம் சாதம் சாப்பிட்டான். தக்காளி ரசம், வடிகட்டி. வீடு மாறிய பிறகு தண்ணீர் மாறியது, ருசி மாறியிருக்க வேண்டும். ஒரு நாள் தட்டைத் தள்ளினான், அதன்பின் தொடவில்லை. உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிடுவான். ஒரு முறை கருகிவிட்டது, அதிலிருந்து அதுவும் இல்லை. குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டு மாமி கொடுத்தால் மட்டும் கொய்யா தின்பான். இங்கே அந்த மாமி இல்லை. ஒவ்வொன்றாகத்தான் போனது. ஒவ்வொரு முறையும், சரி, இன்னும் மற்றது சாப்பிடுகிறானே என்று விட்டுவிட்டோம். அவனோடு ஒவ்வொரு வேளைக்கும் சண்டை போட யாருக்குத் தெம்பு இருந்தது?

"இது ஸ்கர்வியா இருக்கும்னு நினைக்கிறேன்" என்றார் (வைட்டமின் சி நெடுங்காலம் கிடைக்காததால் வரும் நோய், ரத்தக் குழாய்ச் சுவர்கள் பலவீனமாகித் தானாக ரத்தம் கசியும், எலும்பின் உறைக்கு அடியிலும் கசிந்து கடுமையாக வலிக்கும்).

எனக்கு அந்தச் சொல் தெரியும். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிப் பரீட்சையில் பொருத்துக பகுதியில் மாலைக்கண்ணுக்குப் பக்கத்தில் வரும். எந்தக் காலத்திலோ கப்பலில் போன மாலுமிகளுக்கு வந்தது என்று படித்தோம். அது அயனம்பாக்கத்தில், மூன்று வேளையும் சமைக்கிற ஒரு வீட்டில், எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. "நான் என் புள்ளைக்குச் சோறு போடாம விட்டுட்டேனா டாக்டர்?"

"நீங்க போட்டீங்க. அவரால சாப்பிட முடியல. ரெண்டும் ஒண்ணு இல்லம்மா" என்றார் அவர். பிறகு அம்மாவின் பக்கத்தில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். இப்படி உணவு சுருங்கிப்போனவர்களுக்கு இந்தக் காலத்திலும் இது வருகிறது, நடக்க மறுப்பதுதான் பல பேருக்கு முதலில் தெரிகிறது, ஆட்டிசம் என்ற பெயர் முன்னால் நிற்பதால் அதற்குப் பின்னால் இருப்பதை மருத்துவர்களும் பார்க்கத் தவறுகிறோம் என்றார். அந்த "தவறுகிறோம்" என்ற சொல்லுக்காக அவரை நான் மறக்க மாட்டேன்.

ரத்தத்தில் வைட்டமின் அளவு பார்க்க அனுப்பினார்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல் நரம்பு வழியாக மருந்தைத் தொடங்கினார்கள். மஜ்ஜைப் பரிசோதனையைத் தள்ளிவைத்தார்கள். ஒருவேளை இது ஸ்கர்வி இல்லையென்றால் என்ற பயம் மட்டும் எங்களோடு தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அவன் போர்வையைத் தானாகத் தள்ளினான். அதுவரை கால்மேல் போர்வை நகர்ந்தாலே கத்தியவன். அம்மா என்னைப் பார்த்தாள். அந்த வாரக் கடைசியில் பிரஷ்ஷில் ரத்தம் இல்லை. பரிசோதனை முடிவும் வந்தது. அவன் ரத்தத்தில் அந்த வைட்டமின் ஏறக்குறைய இல்லை. புற்றுநோய் இல்லை என்பதை அப்பா கலா அக்காவுக்குப் போனில் சொன்னபோது பாதியில் போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான சிகிச்சை. ஊசி நின்றுவிட்டது, இனி வாய் வழியாகத்தான் போக வேண்டும். சப்பித் தின்னும் மாத்திரை ஆரஞ்சு நிறம். அதைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பினான். பாலில் கலந்தோம், பால் திரிந்தது. அதோடு ஒரு வாரம் பாலையும் விட்டுவிட்டான். அம்மா நடுங்கிப்போனாள். இருப்பதையும் இழந்துவிடுவோமா என்ற பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு. இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு அந்தப் பயம் நன்றாகத் தெரிந்திருக்கும்.

நிறமில்லாத மாத்திரையை எழுதி வாங்கிப் பொடித்துப் பார்த்தேன். நாக்கில் வைத்தால் புளிப்பு. தயிரும் புளிப்புதானே என்று தோன்றியது. மருத்துவரிடம் கேட்டோம், கலக்கலாம் என்றார். முதல் நாள் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. தட்டு சுவரில் போய் விழுந்தது. அடுத்த நாள் விரல் நுனியில் ஒட்டும் அளவு மட்டும். சாப்பிட்டான். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். நாங்கள் மூவரும் அந்தத் தயிர் சாதத்தை ருசி பார்த்து, நேற்றையதற்கும் இன்றையதற்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று எங்களுக்குள் வாதம் செய்தோம். அவனுக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும், அவன் கணக்குக்கு உட்பட்ட அளவில், விட்டுக்கொடுத்தான் என்றுதான் நினைக்கிறேன்.

உணவுப் பயிற்சி தரும் ஒரு பெண்ணிடமும் போனோம். அவர் சொன்னது எளிதாகத் தெரிந்தது, செய்வதுதான் கடினம். கொய்யாத் துண்டைத் தனித் தட்டில், அவன் கண்ணுக்குப் படும் தூரத்தில் வையுங்கள், சாப்பிடச் சொல்லாதீர்கள். பல வாரம் அது அங்கே இருந்தது, தினமும் நான்தான் தின்றேன். ஒரு நாள் முகர்ந்தான். பிறகொரு நாள் நாக்கை வைத்துவிட்டுத் துப்பினான். துப்பினதைக் கொண்டாடினோம்.

கால் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. வலி போன பிறகும் அவன் தரையை நம்பவில்லை. அப்பா முன்னால் நின்று கைகளைப் பிடித்துக்கொள்ள, பாதத்தை வைப்பான், எடுப்பான், எங்கள் முகங்களைப் பார்ப்பான். யாருடைய முகத்தையும் பார்க்காதவன். பல வாரம் இப்படிப் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, சுவரைப் பிடித்து எழுந்தான். ஜன்னல் வரை போனான். அங்கே நின்று, "போலாம்" என்றான். அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு, "போலாண்டா" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. அவனுக்கு அது பிடிக்கவில்லை, காதைப் பொத்திக்கொண்டான்.

இப்போது அவன் மறுபடி நாளெல்லாம் நடக்கிறான். கலா அக்கா, "ஐய, மறுபடியும் ஆரம்பிச்சிட்டான்பா" என்று சொல்லிவிட்டுத் தானே கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். உங்கள் வீட்டுப் பிள்ளை திடீரென்று அடங்கிவிட்டால் நிம்மதியடையும் முன்பு ஒரு முறை சந்தேகப்படுங்கள். அவன் என்ன சாப்பிடுகிறான் என்பதோடு, எதையெல்லாம் விட்டுவிட்டான் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

என்னிடமும் சில விஷயங்கள் மாறிவிட்டன. பேருந்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் அவர்கள் காலைப் பார்க்கிறேன். அண்ணனின் கணுக்காலில் முடி புதிதாக நேராக வளர்ந்துவிட்டது. மேலே இன்னும் சில பழைய சுருள்கள் இருக்கின்றன. அந்த மாதங்கள் முடிந்துவிட்டன என்று நாள்காட்டி சொல்கிறது. எனக்கு அவை முடிந்தது போலவும் இருக்கிறது, அடுத்த அறையில் இருப்பது போலவும் இருக்கிறது.

போன வாரம் சாயங்காலம் அவனை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போகச் செருப்பை மாட்டினேன். குதிகால் சுரீரென்றது. புதிதில்லை. ஆனால் அன்றைக்கு, ஏனோ, அம்மாவிடம் சொன்னேன். "இன்னைக்கு அப்பா போகட்டும்மா. எனக்குக் குதிகால் வலிக்குது."

"எப்பருந்து?" என்றாள் அம்மா.

யோசித்தேன். நேற்றா, போன மாதமா, அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோதா, அதற்கும் முன்பா. உண்மையிலேயே தெரியவில்லை. அவன் உடம்பில் ஓர் ஓரம் சிவந்தால் நாள், வேளையோடு சொல்லும் எனக்கு என் காலைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா என்னைப் படியில் உட்கார வைத்து, என் பாதத்தைத் தன் மடியில் எடுத்துக்கொண்டாள். கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே வந்தாள். என் காலைப் பார்க்கவில்லை, அண்ணனுக்குச் செய்வது போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குது" என்றேன்.

அவள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அங்கதான். ரொம்ப நாளா வலிக்குதும்மா."